முன்சீப் கேட்ட கேள்வி
(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இலக்கியக் கூட்டங்களில் எழுதியவரைப் பற்றிப் பேசுகிறோம். பதிப்பித்தவரைப் பற்றியும் பேசுகிறோம். ஒருவர் இன்னொருவரைப் பார்த்து 'இதைப் படித்திருக்கிறீர்களா?' என்று கேட்கிறாரே, அதைப் பற்றித் தனியாகப் பேசுவது அபூர்வம். டீக்கடை வாசலிலும் ரயில் பெட்டியிலும் நடந்து முடிந்துவிடுகிற காரியம் அது. யாரும் குறித்து வைப்பதில்லை. ஆனால் தமிழர்கள் எப்படிப் படித்தார்கள் என்ற வரலாற்றை எழுத யாராவது உட்கார்ந்தால், அந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கும். நல்லவேளையாக, அப்படி ஒரு கேள்விக்கு மட்டும் நாளும் ஊரும் ஆளும் பதிவாகியிருக்கின்றன.

1880, அக்டோபர் 21. ஊர் கும்பகோணம். உ.வே. சாமிநாதையர் அங்கே அரசுக் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்து முழுதாக ஒரு வருஷம் ஆகவில்லை. வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர். திருவாவடுதுறை மடத்தின் ஆதரவு பெற்றவர். ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் போய்ப் பார்க்கும்படி மடத்தின் தலைவர் சுப்பிரமணிய தேசிகர் சொல்லியிருந்தார். இவரும் போனார். அந்தச் சந்திப்பைப் பிற்காலத்தில் 'என் சரித்திரம்' நூலில் ஐயரே விரிவாக எழுதியிருக்கிறார். பலரும் படித்திருப்பீர்கள். இருந்தாலும் இன்றைய பேச்சுக்காக அதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

முன்சீப் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று விசாரித்தார். ஐயர் அந்தாதிகள், பிள்ளைத்தமிழ்கள், உலாக்கள், கோவைகள், புராணங்கள் என்று ஒரு நீண்ட பட்டியலைச் சொன்னார். அந்தப் பட்டியலுக்கு எந்தச் சபையிலும் மரியாதை உண்டு. முன்சீப்பின் முகத்திலோ எந்த மாறுதலும் இல்லை. கடைசியில் அவர் கேட்டது வேறு. சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா, மணிமேகலையை, சிலப்பதிகாரத்தை என்று மூன்று பெயர்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினார். ஐயர் படித்ததில்லை, அவருடைய ஆசிரியரும் பாடம் சொன்னதில்லை. ஆனாலும் அவர் கூசிப் பின்வாங்கவில்லை. புத்தகம் கிடைக்கவில்லை, கிடைத்தால் படித்துவிட முடியும் என்று சொன்னார். அதுவரை ஒட்டாமல் இருந்த முன்சீப் அப்போதுதான் அவரை நிமிர்ந்து பார்த்தார். புத்தகத்தை நான் தருகிறேன், படித்து எனக்குப் பாடம் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

அவர் கடைசியாகக் கேட்ட இந்தக் கேள்வியைத்தான் நான் பல வருஷங்களாக மனத்தில் வைத்துக்கொண்டிருக்கிறேன். அந்தச் சந்திப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுவார்கள். இதைப் படித்தாயா, இல்லையா, அப்படியானால் நீ படித்ததெல்லாம் போதாது என்கிற தோரணையில் அதைச் சொல்வார்கள். முன்சீப் அவ்வளவோடு நிறுத்தியிருந்தால் அது ஒரு பரீட்சையாக முடிந்திருக்கும். அவமானப்பட்ட ஓர் இளைஞர் வீட்டுக்குப் போயிருப்பார், சிந்தாமணி அங்கேயே கிடந்திருக்கும். இராமசுவாமி முதலியார் சிந்தாமணியைச் சொன்னது, அதை முழுக்கக் கற்றுத் தேர்ந்துவிட்ட இடத்திலிருந்து அல்ல. அந்த நூலின் மேல் அவருக்கு ஆசை இருந்தது, பிரதியும் இருந்தது, தனியாகப் படித்து விளங்கிக்கொள்ள வழி மட்டும் இல்லை. கூட உட்கார்ந்து படிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. அதனால்தான் வந்தவர்களிடமெல்லாம் அதைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

இன்று நான் சொல்ல வந்தது இதுதான். ஒரு புத்தகத்தை முடித்துவிட்டு அதன் மேல் ஏறி நின்றுகொண்டு 'நீயும் படி' என்று சொல்கிறவரைவிட, அந்தப் புத்தகத்துக்குள் துணை தேடி நிற்கிறவர் சொல்லும் பேச்சுக்கு வலு அதிகம். முதலாமவர் தன் படிப்பைக் காட்டுகிறார். இரண்டாமவருக்கு நாம் தேவைப்படுகிறோம். தேவைப்படுகிறோம் என்று தெரிந்தால் மனிதர்கள் எவ்வளவு கடினமான புத்தகத்தையும் திறப்பார்கள்.

அதற்குப் பிறகு கும்பகோணத்தில் நடந்தது இன்னும் முக்கியம். சைவச் சூழலில் வளர்ந்த ஐயருக்குச் சிந்தாமணி புதிய உலகமாக இருந்தது. சொல் தெரிந்தால் பொருள் தெரியவில்லை; பொருள் தெரிந்தால் அதன் பின்னால் இருக்கும் சமண சமயக் கொள்கை தெரியவில்லை. நச்சினார்க்கினியர் உரையிலும் எத்தனையோ இடங்கள் பிடிபடவில்லை. அப்போதுதான் அதே கும்பகோணத்தில் சமணர்கள் வசிக்கிறார்கள், அவர்களுக்குச் சிந்தாமணி நன்றாகத் தெரியும் என்ற செய்தி அவருக்கு எட்டுகிறது. ஒரு வீட்டுக்குப் போகிறார். வாசலில் விழாக்கோலம். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணியைத் தொடர்ந்து படித்து வந்தோம், இன்று பூர்த்தி என்கிறார்கள்.

சற்று யோசித்துப் பாருங்கள். தமிழ்நாட்டின் பெரிய வித்துவான் ஒருவரிடம் பாடம் கேட்டவர் கண்ணால் பார்த்திராத ஒரு காப்பியத்தை, அதே ஊரில் சில வீடுகளில் வழிபாட்டு நூலாகவே வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நூல் ஏட்டில் முடங்கிவிட்டது, கரையான் தின்றது என்றெல்லாம் சொல்கிறோம். அதுவும் நடந்ததுதான். ஆனால் இந்த இடத்தில் நூலும் உயிரோடு இருந்தது, அதைப் படிக்கிறவர்களும் உயிரோடு இருந்தார்கள். ஒரு தெருக்காரர் இன்னொரு தெருக்காரரிடம் நீங்கள் என்ன படிக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. சாதி, சமயம், மடம் என்று எத்தனையோ வேலிகள் நடுவில் நின்றன. ஐயர் அந்த வேலியைத் தாண்டிப் போய்க் கேட்டார். அவர்களும் தயங்காமல் சொன்னார்கள். சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வெளிவந்தபோது அதற்குள் எத்தனையோ பேருடைய வாசிப்பு சேர்ந்திருந்தது. மணிமேகலைக்கும் அதே கதைதான். பௌத்தம் விளங்காமல் தவித்தபோது, கல்லூரியில் உடன் பணியாற்றிய மளூர் ரங்காசாரியர் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் பௌத்த நூல்களைப் படித்து அவருக்கு விளக்கினார். சிலப்பதிகாரம் 1892இல் வந்தது, மணிமேகலை 1898இல் வந்தது. முன்சீப் அன்று அடுக்கிய மூன்று பெயர்களும் அச்சேறப் பதினெட்டு வருஷங்கள் ஆயின.

எல்லாப் பரிந்துரையும் இந்த அளவுக்குப் பெரியதாக முடியாது, முடிய வேண்டியதும் இல்லை. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சிற்றூருக்குப் போவோம். அங்கே ஏறத்தாழ ஒரே வயதில் இரண்டு பையன்கள் வளர்ந்தார்கள். ஒருவர் கு. அழகிரிசாமி, மற்றவர் கி. ராஜநாராயணன். அழகிரிசாமி சென்னைக்குப் போனார். 'பிரசண்ட விகடன்', 'சக்தி' என்று பத்திரிகைகளில் வேலை பார்த்தார். பிறகு மலேயாவுக்குப் போய் 'தமிழ் நேச'னில் இருந்தார். கி.ரா. ஊரிலேயே சம்சாரியாக இருந்தார். நடுவில் போனதும் வந்ததும் கடிதங்கள். அழகிரிசாமி எழுதியவற்றைக் கி.ரா. பத்திரமாக வைத்திருந்து, பிறகு அவை புத்தகமாகவும் வந்தன. படித்தது, கேட்ட சங்கீதம், பார்த்த மனிதர்கள் என்று எல்லாம் அந்தக் கடிதங்களில் கலந்து வரும். புத்தகத்துக்கென்று தனிப் பக்கம் ஒதுக்கி எழுதிய கடிதங்கள் அல்ல அவை. நண்பனிடம் பேசும்போது புத்தகமும் பேச்சோடு பேச்சாக வந்துவிடுகிறது.

இதில் நான் கவனிக்கச் சொல்வது ஒன்று உண்டு. 1958இல் 'மாயமான்' கதை 'சரஸ்வதி'யில் வந்த பிறகுதான் கி.ரா.வைக் கதாசிரியராகப் பலருக்கும் தெரிய வந்தது. அப்போது அவருக்கு வயது முப்பதுக்கு மேல். அதற்கு முந்தைய காலமெல்லாம் அவர் அழகிரிசாமிக்கு வாசகர், சக வாசகர். பத்திரிகை அலுவலகத்தில் எத்தனையோ எழுத்தாளர்களைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவர், கரிசல் காட்டில் இருந்த ஒரு வாசகருக்கு மெனக்கெட்டுப் பக்கம் பக்கமாக எழுதினார். அந்த வாசகர் பின்னால் எழுத்தாளர் ஆவார் என்பதற்காக எழுதவில்லை. தான் ரசித்தது தன்னோடு மட்டும் நின்றுபோவது அவருக்குப் பொறுக்கவில்லை.

அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையை இந்த அவையில் பலர் படித்திருப்பீர்கள். அந்தப் பெயரிலான தொகுப்புக்குத்தான் 1970இல், அவர் மறைந்த ஆண்டில், சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவர் அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் புத்தகம் கொண்டுவந்து கொடுக்கிறார்; குழந்தைகள் அவர்மேல் உயிராக இருக்கிறார்கள். அதில் ஒரு பையன் சாரங்கன். எல்லோருக்கும் பொதுவாகக் கிடைக்கும் அன்பில் அவனுக்கும் பங்கு உண்டுதான். அவனுக்கு வேண்டியது, தன் பெயர் எழுதித் தனக்கென்று தரப்படும் ஒன்று. அந்தக் கதையைப் பற்றி எவ்வளவோ எழுதியிருக்கிறார்கள். புத்தகம் கைமாறுவதைப் பற்றித் தமிழில் எழுதப்பட்ட மிக ஆழமான கதையும் அதுதான் என்பேன். எல்லோருக்குமாகச் சொல்லப்படும் நூறு பெயர்களைவிட, 'உனக்கு' என்று சொல்லி நீட்டப்படும் ஒரு புத்தகம் வேறு வகையைச் சேர்ந்தது. குழந்தைகளுக்கு அது உடனே தெரிந்துவிடுகிறது.

தன் ரசனையால் ஒரு தலைமுறையையே படிக்க வைத்தவர் டி.கே. சிதம்பரநாத முதலியார். திருநெல்வேலியில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் கூடியவர்கள் கம்பனைக் கண்ணால் படித்ததைவிடக் காதால் கேட்டது அதிகம். ஒரே பாடலை அவர் திரும்பத் திரும்பச் சொல்வாராம். எதிரே இருப்பவர் முகத்தில் அது விளங்கிவிட்டது தெரிகிறவரை விடமாட்டாராம். பிற்காலத்தில் குற்றாலத்திலும் அந்த விருந்து தொடர்ந்தது. ராஜாஜியும் கல்கியும் அதில் உட்கார்ந்தவர்கள், கி.ரா.வும் உட்கார்ந்தவர். இதைவிடச் சிறந்த முறை இருக்க முடியாது. ஆனால் இதில் ஓர் அபாயமும் உண்டு, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. தன் காதுக்கு ஒவ்வாத பாடல்கள் கம்பன் பாடியவை அல்ல என்று டி.கே.சி. முடிவு கட்டினார், ஏராளமானவற்றைத் தள்ளினார், சில இடங்களில் பாடத்தையும் திருத்தினார். அவர் வழியாகக் கம்பனுக்கு வந்தவர்கள் அவர் காட்டிய கம்பனோடு நின்றுவிடவும் கூடும். ரசனை மிகுந்த நண்பர் கிடைப்பது பாக்கியம்தான். அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதையும் ஒரு நாள் நாமே எடுத்துப் பார்க்க வேண்டும். அந்த நட்புக்கு அது துரோகம் ஆகாது.

க.நா. சுப்ரமண்யம் வேறு மாதிரி. அவர் பட்டியல் போட்டார், பட்டியல் போட்டதற்காக வாழ்நாள் முழுக்க வசை வாங்கினார். 'படித்திருக்கிறீர்களா?' என்பதே அவருடைய ஒரு புத்தகத்தின் பெயர். முன்சீப் கேட்ட அதே கேள்வி, முக்கால் நூற்றாண்டு கழித்து, இந்த முறை ஊரறிய அச்சில். கொங்குச் சீமையின் பேச்சுமொழியில் ஆர். சண்முகசுந்தரம் எழுதிய 'நாகம்மா'ளை அவர் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தார். நீல. பத்மநாபனின் 'தலைமுறைக'ளைச் சொன்னதோடு நிற்காமல் ஆங்கிலத்திலும் மொழிபெயர்த்தார். எதிர்த்திசையிலும் அப்படித்தான். நார்வே நாட்டு நட் ஹாம்சனின் நாவல் அவருக்குப் பிடித்திருந்தது. தமிழ் மட்டும் தெரிந்த நண்பர் அதை எப்படிப் படிப்பார்? 'நிலவள'மாக மொழிபெயர்த்துக் கொடுத்தார். ஸெல்மா லாகர்லெவின் 'மதகுரு', பேர் லாகர்க்விஸ்ட்டின் 'அன்பு வழி' எல்லாம் அப்படி வந்தவைதான். படி என்று சொல்வதற்காக ஒரு நாவல் முழுவதையும் இன்னொரு மொழியில் எழுதிக் கொடுத்தவரைப் பட்டியல்காரர் என்று சுருக்கிச் சொல்வது நியாயமில்லை. அவருடைய தேர்வுகளில் எனக்கு ஒப்பாதவை உண்டு. ஆனால் எதைச் சொன்னாலும் தன் பெயரோடு சொன்னார். சண்டை போட வருகிறவர்களுக்கு முகவரி இருந்தது. 'எழுத்து' நடத்திய சி.சு. செல்லப்பா இன்னும் ஒரு படி போய், புத்தகங்களை மூட்டையாகக் கட்டி ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகச் சுமந்தார்.

தனி மனிதர் செய்ததை ஒரு நிறுவனம் செய்ய முடியுமா? முடியும் என்று நம்பியவர் சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். 1931இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்குரிய நூல் கிடைக்க வேண்டும், நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வாசகர் கிடைக்க வேண்டும் என்பது அவற்றில் இரண்டு விதிகளின் சாரம். அதே 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் புத்தகங்கள் கிராமங்களுக்குப் போயின. அலமாரியைத் திறந்து வைத்தால் போதும் என்று ரங்கநாதன் நினைக்கவில்லை. தேடி வருகிறவரோடு நூலகர் பேச வேண்டும், அவருக்கு வேண்டியது எது என்று கேட்டுக் கண்டுபிடிக்க வேண்டும் என்று விடாமல் வற்புறுத்தினார். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. நாம் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. கட்டடம் வந்தது, புத்தகம் வந்தது. பேசுவதற்கு ஆளும் நேரமும்தான் போதவில்லை. ஒரே ஒரு பணியாளர் கதவைத் திறந்து, பதிவேடு எழுதி, செய்தித்தாள் அடுக்கி, கதவைப் பூட்டும் கிளை நூலகத்தில் அவர் யாரிடம் உட்கார்ந்து பேசுவார்? ஆகவே அந்த வேலை வாசகர்களாகிய நம் கைக்கு வருகிறது. கிளை நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான் என்று நினைக்கிறேன். பொன்னாடை போர்த்துவதற்காக மட்டும் அது இருக்கக் கூடாது.

ஜனவரி வந்தால் சென்னைப் புத்தகக் காட்சிக்கு எல்லோர் கையிலும் ஒரு பட்டியல் இருக்கிறது. பட்டியல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சின்ன ஊரில் தனியாகப் படித்து வளர்ந்தவனுக்குப் பட்டியல் எவ்வளவு பெரிய உதவி என்று எனக்குத் தெரியும். ஆனால் பட்டியல் நம்மை எதுவும் கேட்பதில்லை. நல்ல நண்பர் முதலில் கேட்கிறார். கடைசியாக எந்தப் புத்தகத்தைத் தூக்கத்தை விட்டுப் படித்தாய், எதைப் பாதியில் வைத்தாய், எந்த இடத்தில் வைத்தாய் என்று கேட்கிறார். நான் பழகிய வாசகர் வட்டங்களில் இந்த மூன்றாவது கேள்விதான் மிகவும் பயன்பட்டிருக்கிறது. ஒருவர் பிடித்ததைச் சொல்லும்போது ஊர் சொல்வதையே திருப்பிச் சொல்லக்கூடும். பாதியில் நிறுத்திய இடத்தைச் சொல்லும்போது உண்மை வந்துவிடுகிறது. ஒரு தையல்காரர் ஒரு பெரிய வரலாற்று நாவலை நிறுத்திய இடத்தைச் சொன்னார்: போர் வந்ததும் மனிதர்கள் காணாமல் போய்விட்டார்கள் என்றார். அவருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்று அங்கே இருந்த நாலு பேருக்கும் அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. கி.ரா.வின் 'கோபல்ல கிராமம்' அவர் கைக்குப் போனது.

புத்தகத்தைக் கொடுத்தபின் சும்மா இருப்பதும் ஒரு பழக்கம், அதைக் கற்றுக்கொள்ள வேண்டும். 'படித்தாயிற்றா' என்று வாரத்துக்கு ஒருமுறை கேட்டால் அது கடன் வசூல். சில புத்தகங்கள் பத்து வருஷம் அலமாரியில் இருந்துவிட்டுத் திறக்கப்படுகின்றன; ஒரு துக்கமோ ஊர்மாற்றமோ வந்துதான் சில பக்கங்கள் விளங்குகின்றன. இரவல் போன புத்தகம் திரும்பாத வருத்தம் எல்லோருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. அதற்காகப் பீரோவைப் பூட்டியவர்கள் புத்தகத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். அதைப் பற்றிப் பேச ஆள் இல்லாமல் போய்விட்டது.

இனி ஒரு வேண்டுகோள். இந்த நூலகத்தின் நூலகர் இசைவோடு வாசலில் இருக்கும் மேசையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறோம். உங்களுக்குப் பிடித்த புத்தகங்களை அதில் எழுத வேண்டாம். அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. படிக்க ஆசைப்பட்டு, தனியாகப் படித்து முடிக்க முடியாமல் நிற்கும் புத்தகம் எதுவோ, அதன் பெயரை மட்டும் எழுதுங்கள். எந்தப் பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பதையும் எழுதுங்கள். அதே புத்தகத்தை இன்னொருவர் எழுதியிருந்தாலும், அதை அறிந்த ஒருவர் பார்த்துக் கையெழுத்திட்டாலும், உங்கள் இருவரையும் நூலகர் சேர்த்துவைப்பார். சிந்தாமணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆள் தேடிய முன்சீப்பின் வழி இது. அவர் பதவியில் இருந்தவர், ஆட்கள் அவரைத் தேடி வந்தார்கள். நமக்கு ஒரு நோட்டு வேண்டியிருக்கிறது.

முதல் பக்கத்தில் நான் எழுதியிருக்கிறேன். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்குச் சேனாவரையர் எழுதிய உரை. கிளவியாக்கம் முடிந்து வேற்றுமையியலில் நிற்கிறேன். இலக்கணம் முறையாகப் பாடம் கேட்டவர் யாராவது இந்த அவையில் இருந்தால் மிகவும் நல்லது. கேட்காதவராக இருந்தாலும் சரி, சேர்ந்து தடுமாறலாம். செவ்வாய், வியாழன் மாலைகளில் ஆறு மணிக்குமேல் எனக்கு வேலை இல்லை.